பென்சில் கணக்கு

புந்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டாது,
தோளால் இடிக்கும்.
மனிதர் பிடித்து நடக்கத் தெருமுனையில் கயிறு கட்டிய ஊர்.
அங்கே சிறுவர் காவல் மையத்தின் மூன்றாம் அறைக்கு
ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர்.
பத்தே முக்காலுக்கு மறுபடி மூன்றாம் அறை.

என் வேலை பென்சில்.
உள்ளே ஒன்பது, வெளியே ஒன்பது.
சுண்டுவிரலை மிஞ்சிய நீளம் ஆகாது.
ரப்பரைக் கவ்வும் தகர வளையம் ஆகாது,
குறடு வைத்து நானே பிடுங்கிவிடுவேன்.
பதிவேட்டில் கையெழுத்து: ஓ. பர்ரியா.
பையன்கள் என்னைத் 'தீயோ' என்பார்கள்,
சித்தப்பா என்று பொருள்.
எல்லாக் காவலரையும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னம்.
நெஹுவேனை விடியுமுன்பே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்,
அவன் மேசையில் பென்சில் மட்டும் வகுப்புக்கு வந்திருந்தது.
மன்சில்லா டீச்சர் ஈரக் கோட்டைக் கழற்றாமலே
பலகையில் ஒரு பீட்சா வரைந்தார்.

"பீட்சா வேண்டாம்," என்றான் யெர்கோ,
"கண்ணால பார்த்தே ஆறு மாசம் ஆச்சு.
தண்டனைய வெச்சுப் போடுங்க.
பதினெட்டு மாசம்.
மூணுல ஒண்ணு முடிஞ்சுது.
நாலுல ஒண்ணு நன்னடத்தைக்குக் கழிப்பாங்களாம்.
மிச்சம்?"

டீச்சர் பீட்சாவை உள்ளங்கையால் அழித்தார்.
எட்டுத் தலைகள் குனிந்தன.
மைக்கோல்கூட, பின்னம் என்றாலே வயிறு வலிக்கும் மைக்கோல்கூட,
கழிப்பறைக்குக் கை தூக்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்.
அடுத்த வாரமே நண்டுத் தொழிற்சாலை,
எனக்குத் தெரிந்த காலெல்லாம் நண்டின் கால்தான்,
ஒடித்து ஒடித்துப் பெட்டியில் அடுக்கியது.
யாரும் பார்க்கவில்லை என்று
பதிவேட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு,
கீழே மூன்றும் நான்கும் ஏழு.
வந்துவிட்டது, வந்துவிட்டது என்று
நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மணி.
எண்ணினேன், எட்டு.
பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன்,
எட்டு.

அப்புறம் அது தானாக நடக்கும்.
சங்கு, பூட்டு, சுவரில் பதினாறு உள்ளங்கை.
காலணி கழன்றது, காலுறை உள்வெளியாகத் திரும்பியது.
மைக்கோலின் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்தோம்.
டீச்சர் பையைக்கூடக் கொட்டினோம்:
பாதி ரொட்டி, பஸ் அட்டை,
திருத்தாத விடைத்தாள்கள்.
இந்தக் கையால்தான்
எட்டுப் பேரின் விலாவையும் தடவினேன்.
யெர்கோவின் விலா குளிரில் நடுங்கியது.
கன்னத்தைச் சுவரில் வைத்தபடி
அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
என் கண்ணை அல்ல, கொஞ்சம் தள்ளி.

வியர்வையைத் துடைக்கக் கை தூக்கியபோது
காதுக்குப் பின்னால் தட்டுப்பட்டது.

தரையில் கிடந்தது என்று தலைமைக் காவலரிடம் சொன்னேன்.
"சரி, எழுது" என்றார்.
ஒன்பது என்று எழுதினேன்.
ஓ. பர்ரியா.

அவன் ஏன் சொல்லவில்லை?
சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

காலுறையைத் திருப்பி மாட்டிக்கொண்டே கேட்டான்,
"உங்களுக்கு என்ன வந்துச்சு, தீயோ?"

பதிவேட்டைப் பிரித்தேன். எனக்கே கேட்காத குரலில்,
"பன்னிரண்டு மாசம், சொச்சம்."

"ஏழரை," என்றான்.
"அஞ்சு மாசம் கூடவே உள்ள வெச்சுட்டீங்க."

திருத்திவிடலாம் என்று பார்த்தேன்.
பெட்டியைப் பூட்டியாயிற்று,
உள்ளே ஒன்பது.
சாவி என் இடுப்பில்தான் இருந்தது.